காரோடு பழுதுநீக்கும் கையேட்டையும் கொடுங்கள்

புதுக் கார் வாங்கினால் சாவியோடு ஒரு சிறு புத்தகமும் கொடுக்கிறார்கள். டயருக்கு எவ்வளவு காற்று, எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் என்பதெல்லாம் அதில் இருக்கும். எஞ்சின் ஹெட் போல்ட்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்பது இருக்காது. அது வேறொரு தடித்த புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்கு மட்டும் போகிறது. காசு கொடுத்து வாங்கியவரின் வீட்டுக்கும் அது வர வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் நிற்பது கார்புரேட்டர் காலத்து மாருதி 800. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அதன் கேம் ஷாஃப்ட்டை எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்தே மாற்றினோம். பஸ் டெப்போவில் நெடுங்காலம் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற தெரு அண்ணாச்சி சொல்லச் சொல்ல, நான் கழற்றினேன், நானே பூட்டினேன்.

கேம் ஷாஃப்ட் என்பது எஞ்சினின் தலைப்பகுதியில் சுழலும் ஒரு தண்டு. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். மேடு சுற்றி வரும்போது ராக்கரைத் தள்ளும்; ராக்கர் வால்வைத் திறக்கும். 800இல் மூன்று சிலிண்டர். சிலிண்டருக்கு இரண்டு வால்வு. ஆக ஆறு மேடுகள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடுகிறது என்றால், ஒவ்வொரு மேடும் விநாடிக்கு 25 முறை ராக்கரைத் தள்ளுகிறது. அத்தனை உரசலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. அது வற்றினால் மேட்டின் கடினப்படுத்திய மேற்பரப்பு தேயத் தொடங்கும். அந்தத் தோல் போய்விட்டால் உள்ளே இருக்கும் இரும்பு மளமளவென்று கரையும்.

எங்கள் வண்டியில் முதலில் ஹெட் பக்கம் ஒரு தட்டல் சத்தம் கேட்டது. பிறகு இழுவை குறைந்தது. சர்வீஸ் நிலையம் ஒன்றில், எஞ்சினே போய்விட்டது, வண்டியை விற்றுவிடுங்கள் என்றார்கள். எது தேய்ந்தது, எவ்வளவு தேய்ந்தது, தேய்மானத்துக்கு எல்லை என்ன என்று கேட்டேன். அளந்து பார்க்கவில்லை என்றார்கள். கையேட்டில் அந்த எல்லை அச்சாகித்தான் இருக்கும். அதைக் காட்டுங்கள் என்றேன். வெளியாளுக்குக் காட்டக் கூடாதாம். என் பெயரில் பதிவான வண்டிக்கு நானே வெளியாள்.

அண்ணாச்சி டேப்பட் கவரைத் திறந்ததும், "ஏம்மா, மேட்டுல நகத்தை வச்சு இழுத்துப் பாரு, மாட்டுதா?" என்றார். ஒரு மேட்டில் மாட்டியது. ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நான் எடுத்துக் கொடுக்கும் திருகு அளவி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். அப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். தண்டை வெளியே எடுத்தபின் ஆறு மேடுகளையும் அளந்தேன். ஒன்று, அதே வகையைச் சேர்ந்த மற்ற இரண்டைவிட அரை மில்லிமீட்டருக்கு மேல் குட்டையாகியிருந்தது. ஏன் அது மட்டும்? அதற்குரிய ராக்கருக்கு எண்ணெய் வரும் வழியில் கசடு அடைத்திருந்தது. இதைக் காணாமல் புதுக் கேமைப் போட்டிருந்தால் அதுவும் அதே இடத்தில் தேய்ந்திருக்கும். காரணத்தைத் தேடுவதற்குப் பொறுமை வேண்டும். மணிக்கணக்குப் பார்த்துக் கூலி போடும் இடத்தில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. வீட்டில் இருக்கிறது.

வேலையின் பெரும்பகுதி கழற்றுவதில் இல்லை, வரிசையைக் காப்பதில் இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்தோம். முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, டைமிங் குறிகள் நேராக நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டபின் பெல்ட்டைக் கழற்றினோம். கூலன்ட்டை வடித்து, ஹெட்டை இறக்கி மேசைமேல் வைத்தோம். இந்த எஞ்சினில் கேமை ஹெட்டுக்குள்ளிருந்து பக்கவாட்டில் உருவ வேண்டும், பதறாமல், நேராக. ராக்கர்களை ஓர் அட்டையில் எண் எழுதிக் குத்தி வைத்தேன். எது எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். தேய்ந்த மேட்டோடு உரசிய ராக்கரையும் மாற்றினோம். முகம் அரிக்கப்பட்ட ராக்கர், புதுக் கேமைச் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே கெடுத்துவிடும்.

பூட்டும்போதுதான் கையேடு இல்லாத வலி தெரிந்தது. ஹெட் போல்ட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். குறைந்தால் கேஸ்கட் கசியும். கூடினால் அலுமினிய ஹெட்டில் மரை போகும். அந்த அளவுக்காக அண்ணாச்சி யாரிடமோ கேட்டு வாங்கி வந்தது, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போன நான்கு தாள். ஓர் எண் 6ஆ 8ஆ என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை. தெரிந்த பட்டறைகளுக்கெல்லாம் போன் போட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்த பிறகே ரெஞ்சைக் கையில் எடுத்தோம். லட்சக்கணக்கில் விற்ற ஒரு வண்டிக்கு இந்த நிலை இருக்கலாமா?

பெல்ட்டை மாட்டியபின் சாவியைத் திருப்பாமல், ஸ்பேனர் போட்டுக் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினோம். குறிகள் மறுபடி நேராக வந்து நின்றன. எங்காவது முட்டினால் கை உணர்ந்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் உணராது. பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் அமைப்புள்ள எஞ்சின்களில் இந்த இரண்டு சுற்றுதான் முழு ஹெட்டையும் காப்பாற்றும். பிறகு ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட் இடைவெளி. புது ஆயில், புது ஃபில்டர். வடித்த பழைய ஆயிலைக் கேனில் அடைத்து, அதை மறுசுழற்சிக்கு முறையாக அனுப்பும் பட்டறையில் கொடுத்தோம். சாக்கடையில் ஊற்றினால் அது தாமிரபரணியில்தான் போய்ச் சேரும். எங்கள் ஊர் குடிக்கும் தண்ணீர் அது.

வீட்டில் எதையும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் மூன்றையும் பழகாதவர் தொடக் கூடாது. அவற்றில் வரும் பிழை தெருவில் போகிற இன்னொருவர் உயிரை எடுக்கும். கேம் வேலையில் பிழை வந்தால் பெரும்பாலும் கெடுவது நம் எஞ்சின்தான். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் பேசினால், பாதுகாப்பைக் காரணம் காட்டிப் புத்தகத்தைப் பூட்டிவைக்கும் வாதம் எடுபடாது. அளவு தெரியாமல் முறுக்குபவரால் வரும் ஆபத்தை, அளவைச் சொன்னால்தானே குறைக்க முடியும்?

இது நாட்டுக்குப் புதிய வழக்கும் அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவலையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. நல்ல தொடக்கம்தான். ஆனால் நிறுவனங்கள் தாமாக முன்வந்து தருவதை மட்டும் நம்பியிருந்தால் மங்கிய ஜெராக்ஸ்தான் நமக்கு மிஞ்சும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 இல் மக்களே வாக்களித்து, டீலருக்குக் கிடைக்கும் அதே பழுதுநீக்கும் தகவல் நியாயமான விலையில் உடைமையாளருக்கும் வெளிப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். அங்கே கார் விற்பனை நின்றுபோய்விடவில்லை.

இப்போது வரும் எஞ்சின்களில் இரட்டைக் கேம், வால்வு நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் அமைப்பு, கேமைப் பூட்டி நிறுத்தத் தனிக் கருவி என்று எல்லாம் கூடிவிட்டன. அண்ணாச்சியின் நினைவில் இருக்கிற அளவுகள் அந்த வண்டிகளுக்கு உதவாது. அவரைப் போன்றவர்களின் கைத்திறன் வீணாகாமல் இருக்க வேண்டுமானால் காகிதத்தில் உள்ளது அவர்கள் கைக்கு வர வேண்டும், அதுவும் தமிழில்.

நான் கேட்பது இதுதான். ஒரு மாடல் விற்பனைக்கு வரும் நாளிலேயே அதன் பட்டறைக் கையேடும் யார் கேட்டாலும் விலைக்குக் கிடைக்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன மாடல்களின் கையேடுகளை இலவசமாக வெளியிட வேண்டும். அவற்றை மறைத்துவைக்க வணிகக் காரணம் எதுவும் மிச்சமில்லை. தமிழக அரசு தன் பங்குக்கு, அவற்றின் பிரதிகளை ஐடிஐகளிலும் மாவட்ட மைய நூலகங்களிலும் வாங்கி வைக்கலாம். முறுக்கு விசை, இடைவெளி, தேய்மான எல்லை, டைமிங் குறிகளின் படம் ஆகிய நான்கையும் முதலில் தமிழில் அச்சிடட்டும்.