உளவியல் பட்டம் மட்டும் போதாது: கவுன்சலராக விரும்புவோர் கவனிக்க வேண்டியவை

உளவியலில் பட்டம் வாங்கிவிட்டால் கவுன்சலர் ஆகிவிடலாம் என்று பல இந்தியப் பெற்றோர்கள் நம்புகிறார்கள். மலேசியச் சட்டம் அதை ஏற்பதில்லை. மூன்று ஆண்டு செலவழித்துப் படித்து முடித்த பிறகுதான் சில பிள்ளைகளுக்கே இது தெரிய வருகிறது.

1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டத்தின் (சட்டம் 580) கீழ், மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் பொறுப்பில் கவுன்சலர் வாரியம் இயங்குகிறது. அதில் பதிந்து, தொழில் சான்றிதழும் பெற்றவரே தம்மைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ள முடியும். பதியாமல் அத்தொழிலைச் செய்வது குற்றம். பதிவுக்கு, வாரியம் அங்கீகரித்த கவுன்சலிங் பட்டம் வேண்டும். பொதுவான உளவியல் பட்டம் அதற்கு ஈடாகாது.

மருத்துவ உளவியலாளர் என்பது வேறு தொழில். அது 2016ஆம் ஆண்டு துணை சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ் வருகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வகுப்பில் சேர்ந்தால் பணமும் காலமும் வீண்.

உளவியல் முடித்தவருக்கு உள்ள வழி, கவுன்சலிங் முதுகலை. முழுநேரமாகப் படித்தால் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் சில தனியார் பல்கலைக்கழகங்களிலும் இது உண்டு. வகுப்புப் பாடத்தோடு, மேற்பார்வையில் நேரடியாக ஆலோசனை வழங்கும் பயிற்சியும் கட்டாயம். முதல் பட்டத்திற்கு வாங்கிய பிடிபிடிஎன் கடனை அடைக்கத் தொடங்கும் வயதில், சம்பளத்தை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போவது தோட்டப்புறக் குடும்பங்களுக்கு எளிதல்ல.

இது படிக்கும் பிள்ளையின் பிரச்சினை மட்டுமல்ல. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினர், ஏறக்குறைய பத்து லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியுள்ளனர். அதே ஆண்டில் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று சட்டம் திருத்தப்பட்டது. நீதிமன்றத்திற்குப் போக வேண்டியிருந்தவர் இனி சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் போகலாம். ஆனால் தமிழில் மட்டுமே மனம் திறந்து பேசத் தெரிந்த ஒரு தாய், மகனையோ மருமகளையோ மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொண்டு குடும்பப் பிரச்சினையைச் சொல்வாரா? தமிழ் தெரிந்த பதிவு பெற்ற கவுன்சலர்கள் தேவைப்படுவது இங்கேதான்.

அதற்காகச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று கேட்பது சரியாகாது. அரைகுறைப் பயிற்சி உள்ளவரிடம் மனநோவைச் சொல்லிக் காயப்படப்போவதும் இதே மக்கள்தான். தகுதியை எட்ட உதவுவதே சரியான வழி.

எஸ்டிபிஎம் முடித்தவர்கள் தொடக்கத்திலேயே கவுன்சலிங் இளங்கலைக்கு விண்ணப்பிக்கலாம். உத்தாரா மலேசியா உள்ளிட்ட அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் அது இருக்கிறது. முதுகலைச் செலவும் மிச்சம். எந்த வகுப்பானாலும், வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். முதுகலைக்குப் போகிறவர்கள் இபிஎஃப் கல்விக்கான மீட்பையும் விசாரிக்கலாம். பிள்ளையின் படிப்புக்குப் பெற்றோரும் எடுக்க முடியும்.

சமுதாய அமைப்புகளின் கல்வி உதவி முதல் பட்டத்தோடு நின்றுவிடக்கூடாது. ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கேனும் முதுகலைக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, படித்து முடித்ததும் சில காலம் தமிழ் பேசும் மக்களுக்குச் சேவையாற்ற வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். மனநல விழிப்புணர்வுக் கூட்டத்திற்கு வந்தவர், அடுத்து யாரிடம் போவது என்று கேட்டால், அதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும்.