ஆங்கிலக் 'கிளவுட்': அகராதிப் பொருளும் வழக்குப் பொருளும்

பழைய ஆங்கிலத்தில் பாறை, குன்று எனப் பொருள்பட்ட 'கிளவுட்' என்னும் சொல், வடிவ ஒப்புமையால் பின்னர் மேகத்தைக் குறிக்கலாயிற்று. இன்றைய அன்றாட வழக்கில் அது பிறரது ஐயத்திற்கு உள்ளான நிலையையும், வினையாக வருங்கால் தெளிவைக் குலைத்தலையும், கணினித் துறையில் இணையவழித் தரவுச் சேமிப்பையும் சுட்டுகிறது. தமிழ் மரபிலோ மேகம் கைம்மாறு கருதாக் கொடைக்கு உவமை. திருக்குறளின் 'ஒப்புரவறிதல்' அதிகாரம் மாரியை முன்னிறுத்தியே தொடங்குகிறது. எனவே, ஐயத்திற்கு ஆளானவரை 'மேகத்தின் கீழ் உள்ளார்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், தமிழ் வாசகர் மனத்தில் பழிக்கு மாறாகப் பேறே தோன்றும். ஆங்கில-தமிழ் அகராதி 'மேகம், முகில், கொண்டல்' என நிகரன்களை நிரல்படுத்துவதோடு அமையாது, ஒவ்வொரு வழக்குப் பொருளையும் எடுத்துக்காட்டுத் தொடருடன் பிரித்துத் தருதல் வேண்டும். அவ்வழியே பொருள் பிறழாத மொழிபெயர்ப்பு கைகூடும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.