போதையில் வண்டி ஓட்டி ஃபைன் கட்டியவருக்கு கனடா, அமெரிக்க விசா கிடைக்குமா? விதிகள் சொல்வது என்ன?

ராத்திரி வாகன சோதனை. போலீஸ் ஊதச் சொல்கிறது, மெஷின் காட்டிக் கொடுத்துவிடுகிறது. கோர்ட்டில் 10,000 ரூபாய் ஃபைன் கட்டியாச்சு, விஷயம் முடிஞ்சுது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஃபைன் ரசீது மறுபடியும் முன்னால் வந்து நிற்கும்.

ஃபைன் கட்டினாலே குற்றவாளியா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை சிக்கினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும்.

ஹெல்மெட் போடாத கேஸை போலீஸிடமே அபராதம் கட்டி முடித்துக்கொள்ளலாம். அப்படி முடித்துக்கொள்ளக்கூடிய பிரிவுகளின் பட்டியலில் 185 கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால், சட்டத்தின் கண்ணில் அது தண்டனைதான். சிக்கலே இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

கனடாவில் என்ன பிரச்னை?

2018 டிசம்பர் 18 முதல், போதையில் வண்டி ஓட்டுவதற்கான அதிகபட்ச தண்டனையை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்த்தியது கனடா. அந்நாட்டு குடியேற்றச் சட்டப்படி, 10 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம் 'தீவிர குற்றம்'. வெளிநாட்டில் நடந்ததாக இருந்தாலும், கனடா சட்டத்தில் அதற்கு இணையான குற்றம் எது என்றுதான் அதிகாரிகள் பார்ப்பார்கள். சொந்த ஊரில் வெறும் ஃபைனோடு முடிந்ததா என்பது கணக்கில் வராது.

முன்பெல்லாம் ஒரே ஒரு கேஸ் இருந்து, தண்டனை முடிந்து 10 ஆண்டு ஆகிவிட்டால் 'திருந்தியவர்' என்று தானாகவே கருதப்பட வாய்ப்பு இருந்தது. புதிய சட்டத்துக்குப் பிறகு நடந்த குற்றங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்தியர்களுக்கு ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கனடாவில் வரம்பு 80 மில்லிகிராம், இங்கே 30. அதனால் அன்றைக்கு மெஷின் காட்டிய அளவு என்ன என்பது முக்கியம். அதற்காக 80-க்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அளவு எதுவாக இருந்தாலும், போதையால் ஓட்டும் திறன் குறைந்திருந்தால் அதுவும் அங்கே குற்றம்தான்.

டொராண்டோவில் இருப்பவர்களுக்கு?

ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் வாழும் தமிழர்களில் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனால் பிஆர் மட்டும் வைத்திருப்பவர் 2018 டிசம்பருக்குப் பிறகு இந்தக் குற்றத்தைச் செய்து தண்டனை பெற்றால், பிஆர் தகுதியே பறிபோய் நாட்டைவிட்டு வெளியேறும் உத்தரவு வரைக்கும் போகலாம். வருடக்கணக்கில் அங்கே குடும்பத்தோடு இருப்பவருக்கும் இதே விதிதான்.

அமெரிக்கா என்ன செய்கிறது?

ஒரே ஒரு சாதாரண கேஸுக்காக அமெரிக்கா கதவை மொத்தமாக மூடிவிடாது. ஆனால் கைது ஆனதே அங்கே பிரச்னை. கடந்த 5 ஆண்டுகளில் இந்தக் காரணத்துக்காகக் கைதாகியிருந்தால், கையில் இருக்கும் விசாவைத் தூதரகம் ரத்து செய்யலாம். கோர்ட் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

எச்1பி-யில் வேலை பார்ப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். விசா ரத்தானாலும் பொதுவாக அங்கே தொடர்ந்து இருக்கலாம். ஆனால் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டால், திரும்பிப் போகப் புது விசா எடுக்க வேண்டும். தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் மதுப்பழக்கம் பற்றிய பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். அதெல்லாம் முடியும்வரை வேலை நிற்குமா என்பது கம்பெனி கையில்.

மற்ற நாடுகள்?

ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் முக்கியமாகத் தண்டனைக் காலத்தைப் பார்க்கின்றன. இரண்டு நாடுகளிலும் 12 மாத சிறை என்பது முக்கியமான எல்லைக்கோடு. ஃபைனோடு முடிந்த ஒரு கேஸ் அந்தக் கோட்டைத் தொடாது. இருந்தாலும் படிவத்தில் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சொல்லாமல் விட்டால் என்ன?

'ஃபைன்தானே, யாருக்குத் தெரியப்போகுது' என்று படிவத்தில் 'இல்லை' போடுவதுதான் பெரிய தப்பு. கனடா படிவம் எந்த நாட்டில் கைதானாலும், வழக்கு இருந்தாலும் சொல்லச் சொல்கிறது. பொய் என்று தெரிந்தால் 5 ஆண்டு தடை. அமெரிக்காவில் உண்மையை மறைத்து விசா கேட்டது நிரூபணமானால், சலுகை கிடைக்காத பட்சத்தில் ஆயுள் முழுக்கத் தடை. அதாவது, பழைய கேஸைவிட அதை மறைத்ததற்கான தண்டனை பெரிது.

வழி இருக்கா?

இருக்கு. தண்டனை முடிந்து 5 ஆண்டு ஆகியிருந்தால், 'திருந்திவிட்டேன்' என்று கனடாவிடம் முறைப்படி விண்ணப்பிக்கலாம். தீவிர குற்றப் பிரிவுக்கு இதற்கான கட்டணம் 1,000 கனடா டாலருக்கு மேல். ஏற்றுக்கொண்டால் அந்தக் குற்றத்தைப் பொறுத்தவரை தடை நிரந்தரமாக நீங்கும். 5 ஆண்டு ஆகாதவர்கள், போயே ஆக வேண்டிய காரணம் இருந்தால் தற்காலிக அனுமதி கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு.

எந்த நாடாக இருந்தாலும் தீர்ப்பு நகல், ஃபைன் ரசீது, மெஷின் அளவு பதிவான தாள் மூன்றையும் முதலில் வாங்கி வைப்பது நல்லது. டிக்கெட் போடுவதற்கு முன்பே குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது அதைவிட நல்லது.