விடை தெரியாத தண்ணீர்

பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்கள் ஒருமுறையாவது இ.டி.டி.ஏ. கரைசலை வைத்து நீரின் கடினத்தன்மையை அளந்திருப்போம். ஒயின் சிவப்பு நீலமாக மாறும், அளவைக் குறித்துக்கொள்வோம். அந்த நீர் ஆய்வகத்திலேயே தயாரித்தது. விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். நம் அளவு பொருந்தாவிட்டால் சீனியரின் ரெக்கார்டு நோட்டு கைகொடுக்கும். நானும் அப்படி எழுதித் தேறியவன்தான். பொருந்தாத அளவில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது என்பது முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த பிறகே புரிந்தது.

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலைகள் வந்ததே அதற்காகத்தான். அரியலூர், பெரம்பலூர் அரசுக் கல்லூரி மாணவர்கள் அவரவர் தெருத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வரட்டும். காலனிக் குழாயிலும் ஊர்த்தெருக் குழாயிலும் வருவது ஒரே தண்ணீர்தானா? அதே பியூரெட், அதே கரைசல். விடை மட்டும் யாருக்கும் தெரியாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பாடத்திட்டக் கட்டமைப்போ, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு எடுத்தவர்களுக்கே நான்காம் ஆண்டில் ஆய்வு என்கிறது. இங்கேயும் ‘தகுதி’! அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய ‘சீ-ஃபேஜஸ்’ திட்டத்தில், சமுதாயக் கல்லூரி மாணவர்களும் பாட வகுப்பிலேயே மண்ணிலிருந்து புதிய வைரஸ்களைப் பிரித்தெடுத்து, தாங்களே பெயர் வைக்கிறார்கள்.

கேள்வி ஒருவருக்கு, மனப்பாடம் இன்னொருவருக்கு என்று பிரித்து வைப்பது சாதியின் பழைய வேலை. கேள்வி கேட்பது மதிப்பெண்ணுக்குத் தரும் பரிசல்ல. முதல் பருவச் செய்முறை வகுப்பிலேயே அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.