சுவாசக் கலங்களும் ஒரு வர்த்தமானியும்

கொவிட்-19 தொற்றினால் மரணித்தோரின் உடல்களைக் கட்டாயமாகத் தகனம் செய்ய வேண்டுமென 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல் விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயமாகும். உயிரியலின் அரிச்சுவடிக்கே முரணான நியாயம் அது.

வைரஸ் தானாகப் பெருகும் ஆற்றலற்றது. மூக்கிலும் சுவாசப்பாதையிலும் உள்ள கலங்களின் மேற்பரப்பிலே காணப்படும் ஏசிஈ-2 எனும் வாங்கியைப் பற்றிக்கொண்டே கொரோனா வைரஸ் உட்புகுகின்றது. அக்கலங்களும் வாளாவிருப்பதில்லை. அந்நிய ஆர்.என்.ஏ.யை உணர்ந்து இன்டர்பெரோனைச் சுரந்து, அயற்கலங்களில் நூற்றுக்கணக்கான நிர்ப்பீடனப் பரம்பரையலகுகளைத் தொழிற்படச் செய்கின்றன. சிறுவர்களின் மூக்குக் கலங்களில் இவ்வுணரிகள் தொற்றுக்கு முன்னரே கூடுதலாக விழித்திருப்பதை 2021இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். சிறுவர்களை இந்நோய் பெரும்பாலும் கடுமையாகத் தாக்காமைக்கு அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. இப்போர் முழுவதும் உயிருள்ள கலத்தினுள் நிகழ்வது. கலங்கள் மடிந்த பின்னர் வைரஸ் பெருகுவதற்கு இடமேது? அடக்கம், தகனம் இரண்டுக்கும் உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே இடமளித்திருந்தது.

புறக்கோட்டைக்கு இது ஏட்டு விவகாரமல்ல. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தோன்றிய கொத்தணி கொழும்பெங்கும் பரவியபோது மெனிங் சந்தையும் மூடப்பட்டது. முஸ்லிம் வர்த்தகர்களும் மலையகத்திலிருந்து வந்த கடைச் சிப்பந்திகளும் நாட்டாமைகளும் தோளோடு தோள் உரசிப் பிழைக்கும் வீதிகள் அவை. நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பவை முதற்சில நாட்களே. பரிசோதனை அவசியமாவதும் அப்போதுதான். ஆனால், வைத்தியசாலை சென்று மரணித்தால் ஜனாஸாவும் கிடைக்காது என்ற அச்சம் பலரைத் தயங்க வைத்தது. நோயைக் கட்டுப்படுத்தவென வந்த சட்டம் நோயாளரை மறைந்திருக்கத் தூண்டியதெனில், அதனைச் சுகாதார நடவடிக்கை என்று அழைப்பது எங்ஙனம்?

2020 டிசம்பரில் பிறந்து இருபது நாட்களேயான சிசுவொன்றின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் பேராசிரியர் ஜெனிஃபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு அடக்கத்தையும் அனுமதிக்கலாமெனப் பரிந்துரைத்திருந்தும், 2021 பெப்ரவரி 25ஆம் திகதி வரை வர்த்தமானி மாற்றப்படவில்லை. மாற்றிய பின்னரும் முதலில் இரணைதீவையே சுட்டினார்கள். அங்குள்ள தமிழ் மக்கள் எதிர்த்தனர். இரு சமூகங்களை எதிரெதிரே நிறுத்தக்கூடிய அத்தெரிவு கைவிடப்பட்டு, மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் நல்லடக்கம் ஆரம்பமானது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எந்த ஆய்வை ஆதாரமாகக் கொண்டு, எவருடைய ஆலோசனையின் பேரில் அந்த வர்த்தமானி வரையப்பட்டது என்ற வினாவுக்கு மன்னிப்பு விடையாகாது.