போனவர் திரும்பினாரா?

“கோ, வென்ட், கோன்.” எமது பாடசாலை நாட்களில் ஆங்கில வினைச்சொற்களை இப்படித்தான் வாய்ப்பாடு போலப் பாடமாக்கினோம். அண்மையில் உறவினர் வீட்டுப் பிள்ளையொன்று அதே இராகத்தில் ஒப்புவிப்பதைக் கேட்டேன். தலைமுறைகள் மாறியும் கற்பிக்கும் முறை மாறவில்லை என்பதே எனது ஆதங்கம்.

‘வோக்’ என்பது ‘வோக்ட்’ ஆகும்போது ‘கோ’ மட்டும் ஏன் ‘வென்ட்’ ஆகிறது? இதை எமக்கு எவரும் சொல்லித் தரவில்லை. உண்மையில் ‘வென்ட்’ இரவற் சொல். திரும்புதல், வழிச்செல்லுதல் என்னும் பொருளுடைய வேறொரு வினையின் இறந்தகாலம் அது. பழைய ஆங்கிலத்தில் ‘கோ’வின் இறந்தகாலம் ‘எயோடெ’. அது மெல்ல வழக்கொழிய, 15ஆம் நூற்றாண்டளவில் ‘வென்ட்’ அவ்விடத்தில் நிலைத்துவிட்டது.

வாய்ப்பாட்டில் இடம்பெறாத இன்னோர் இரவலும் உண்டு. அதுதான் ‘பீன்’. ‘ஹாஸ் கோன்’ என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. ‘ஹாஸ் பீன்’ என்றால் போய் வந்துவிட்டார். தமிழிலோ “அப்பா சந்தைக்குப் போயிருக்கிறார்” என்றால் அவர் வீட்டில் இல்லை. “நான் இந்தியாவுக்குப் போயிருக்கிறேன்” என்றால் முன்னொருகால் போய் வந்தவன். இரண்டுக்கும் ஒரே வினைவடிவம். எம்மவர் தடுமாறுவது இங்கேதான்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், மேலை நாடொன்றில் புகலிடம் கோரிய இளைஞர் ஒருவர், தாமே ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலத்தைப் பார்த்துத் தருமாறு எனக்கு அனுப்பியிருந்தார். தமையனார் கொழும்புக்குப் போய் வந்ததைக் குறிக்க ‘ஹாஸ் கோன்’ என்று எழுதியிருந்தார். அடுத்த பந்தியில், அதே தமையனார் ஊரில் தாயாருடன் வசிப்பதாக இருந்தது. வாசிக்கும் அதிகாரிக்கு இவ்விரண்டில் ஒன்று பொய்யாகவே தோன்றும். ஒரேயொரு சொல்லை மாற்றிக் கொடுத்தேன். அன்று அது என் கண்ணிற் பட்டது. எவர் கண்ணிலும் படாமற் போன வாக்குமூலங்கள் எத்தனையோ!

உண்மை பேசியவன் இலக்கணத்தால் பொய்யனாகலாம். ஆதலால் மூன்று சொற்களை மனனஞ் செய்வித்து ஆங்கிலம் கற்பித்துவிட்டோம் என்று நிறைவடைவது தவறு. ஒவ்வொரு வடிவமும் எதை உணர்த்துகிறது என்பதைப் பிள்ளையின் தாய்மொழியிலேயே விளக்க வேண்டும்.

அதற்கான வழி எமது வீட்டு வாசலிலேயே இருக்கிறது. புறப்படும்போது ‘போகிறேன்’ என்று சொன்னால் பெரியவர்கள் தடுப்பார்கள். ‘போய் வருகிறேன்’ என்று சொல் என்பார்கள். போவது வேறு, போய் வருவது வேறு என்பதை நாம் நடை பழகிய நாளிலிருந்தே அறிவோம். ‘கோன்’ என்பது போனது. ‘பீன்’ என்பது போய் வந்தது. இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்தால் போதும். பிள்ளை இதை ஆயுளுக்கும் மறவாது.