மைக் மேல பழி போடாதீங்க!

"மச்சான், நீ பேசுறது கிணத்துக்குள்ள இருந்து கேக்குதுடா!" பிஜிஎம்ஐ ஆடுபவர்களுக்குப் பழகிப்போன புலம்பல் இது. உடனே புது இயர்பட்ஸ் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பல நேரம் அது தண்டச் செலவு.

பிரச்னை புளூடூத்தில் இருக்கிறது. பாட்டு கேட்கும்போது இயர்பட்ஸ், ஏ2டிபி என்ற முறையில் ஸ்டீரியோ ஒலி தருகிறது. மைக்கை ஆன் செய்ததும், போன் காலுக்கான ஹெச்எஃப்பி முறைக்குத் தாவிவிடும். அதில் ஒலி மோனோ, தரமும் ரொம்பக் கம்மி. நம் குரல் தேய்வது மட்டுமா? எதிரியின் காலடிச் சத்தம் இடமா, வலமா என்றே தெரியாமல் போகும். மேட்ச் போவது இங்கேதான். விலை கூடிய இயர்பட்ஸிலும் பெரும்பாலும் இதே கதைதான். புதிதாக வந்திருக்கும் எல்இ ஆடியோ இதைச் சரிசெய்யும். ஆனால் போன், இயர்பட்ஸ் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

அதுவரை மைக் வைத்த சாதாரண வயர் இயர்போனே மேல். கெத்தா இருக்காது, அவ்வளவுதான்.

குரலே போகவில்லை என்றால், செட்டிங்ஸில் கேமுக்கு மைக் அனுமதி இருக்கிறதா பாருங்க. ஆண்ட்ராய்டு 12 முதல் எல்லா ஆப்களுக்கும் மைக்கை மொத்தமாக அணைக்கும் பட்டனும் உண்டு. கை தவறிப் பட்டிருக்கலாம்.

கடப்பாக்கம் மாதிரி கடலோர ஊர்களில் காற்று தனி வில்லன். ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் உட்கார்ந்து ஆடினால், மைக்கில் காற்று மோதி டீம் முழுக்க இரைச்சல்தான். ஏஎன்சி இருக்கே என்பார்கள். அது நம் காதுக்கு வரும் சத்தத்தைக் குறைக்கத்தான். நாம் பேசுவதைச் சுத்தமாக்க அல்ல. மைக்குக்குச் சின்னப் பஞ்சு உறை போடலாம். இல்லையா, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்க. காசே ஆகாது.